ஒப்பந்தத்தின் நாலாம் பக்கம்

சிங்காநல்லூர்
6.2.1995

அன்புள்ள அம்மணி சென்னியம்மாளுக்கு, அண்ணன் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அப்பா பேரில் நாம் நடத்தும் டிரஸ்ட், ஆனைமலை ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு கட்டியதற்கு கான்ட்ராக்டர் சீனிவாசலுவுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறது. டிரஸ்ட் கணக்கில் காசில்லை. அதனால் டிரஸ்டிகளான நம் இரண்டு பேர் மேலும் கேஸ் போட்டுவிட்டார். தோற்றால் என் வீடும் உன் தென்னந்தோப்பும் போய்விடும். அந்தத் தோப்பை விட்டால் உனக்குச் சோறு ஏது?

வக்கீல் பாலகோபால் ஒரு வழி சொல்கிறார். பதினாலாம் தேதி கோர்ட்டில், கட்டட ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டால், "காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டனுங்க, படிக்கலீங்க" என்று நீ சொல்ல வேண்டும். நானும் அதையே சொல்வேன். பொம்பளை சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பயப்படாமல் வா, கண்ணு.

உன் அண்ணன்,
திருமூர்த்தி

ஆனைமலை
10.2.1995

அண்ணனுக்கு வணக்கமுங்க.

முழங்கால் பரவாயில்லை. உங்கள் கடுதாசியைப் படித்த பிறகுதான் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக நானும் டிரஸ்டி. ஒரு மீட்டிங்குக்காவது கூப்பிட்டீர்களா? ஆயுத பூஜைக்குப் பொரிப் பொட்டலம் மட்டும் தவறாமல் வரும். சரி, போகட்டும்.

அந்த ஒப்பந்தத்தை நான் படித்தேன் அண்ணா. கையெழுத்து வாங்க வந்த நீங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் முழுசும் படித்துவிட்டேன். டிரஸ்டால் முடியாவிட்டால் டிரஸ்டிகள் சொந்தச் சொத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. பிரசவத்துக்குப் பொள்ளாச்சி போகிற வழியில், வண்டியிலேயே உயிரை விட்டாளே நம் கடைசித் தங்கச்சி, அவளை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

நேற்றுகூட அந்த வார்டில் ரெட்டைப் பிள்ளை பிறந்தது. கட்டிக்கொடுத்தவர் காசு கேட்டால் அதில் என்ன தப்பு? தோப்பு போனால் போகட்டுமுங்க. படிக்கவில்லை என்று என் வாயால் வராது.

தங்கச்சி,
சென்னியம்மாள்

சிங்காநல்லூர்
15.2.1995

அம்மணி,

நேற்று நீ கூண்டில் நின்றபோது நான் பின் பெஞ்சில் இருந்தேன். "படிச்சுத்தானுங்க போட்டேன். டிரஸ்டுக்கு முடியலீன்னா நான் குடுக்கோணும். குடுக்கறனுங்க" என்றாயே, ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்தார். சீனிவாசலு எழுந்து நின்றுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஐம்பது வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் நின்ற பிள்ளையா இவள் என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். வக்கீல் கண்ணைக் காட்டினார். வாயைத் திறந்தால், "நானும் படிச்சுத்தானுங்க போட்டேன், என்ற ஊட்டையும் எழுதிக்குங்க" என்றுதான் வந்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன்னா அண்ணந்தானுங்க" என்று அழுதாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

வீடு போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நேற்று அங்கே உண்மை சொன்னவள் நீ ஒருத்திதான். வக்கீல் சொல்லிக்கொடுத்தது எனக்குப் பொய்யே இல்லை, கண்ணு. மேனேஜிங் டிரஸ்டி நான், ஒரு பக்கம்கூடப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன்.

திருமூர்த்தி