கயல் அழுத நாள்

அக்கா,

இன்று சின்னமனூர் பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி கைக்குழந்தையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தையின் மேல் வசம்பு வாசம். நீங்கள் ஆயா வேலை பார்த்த குழந்தைகள் இல்லத்தின் சின்னப்பிள்ளைகள் அறை அப்படித்தான் மணக்கும்.

கயலை உங்களிடம் கொண்டுவந்து விட்டபோது அவளுக்கு மூன்று வயது. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் என் வேலையே அதுதானே, பிள்ளைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது. ஜெயமங்கலத்தில் ஓர் இல்லம், தேவதானப்பட்டியில் வளர்க்க முன்வந்த ஒரு குடும்பம், மறுபடி ஓர் இல்லம், பிறகு நீங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோப்பில் நியாயமான காரணம் இருந்தது. நான்கு முறையும் தூக்கிக்கொண்டு போனவள் நான்.

அன்று அவள் என் இடுப்பிலிருந்து உங்கள் இடுப்புக்குத் தாவினாள். பிறகு சமையல்கார அம்மாவிடம், காய்கறி இறக்க வந்தவரிடம். எல்லாரிடமும் அதே சிரிப்பு. நான் கிளம்பியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்லாப் பழகுறா, தொந்தரவே இல்லை" என்றேன். அறிக்கையிலும் அதையே எழுதப் பேனாவை எடுத்தேன்.

"அப்படி எழுதிராதீகம்மா," என்றீர்கள். "இது பழகல. யாரு தூக்குனாலும் ஒண்ணுதான்னு ஆயிருச்சு. அழுது அழுது பாத்துட்டு விட்டுருச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. பேனாவை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பின் அவளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மதியம் தூங்கவைப்பது எல்லாம் நீங்கள் ஒருவரே. சாயங்காலம் அவள் பார்க்காத நேரத்தில் நழுவிப்போகாமல், எதிரே உட்கார்ந்து, "ஆத்தா, நான் வீட்டுக்குப் போயிட்டுக் காலைல இட்லி நேரத்துக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். அவள் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளமாட்டாள். ஏழு மாதம் சொன்னீர்கள்.

ஒருநாள் போன் செய்தீர்கள். பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "என்னக்கா ஆச்சு?" என்று பதறினேன்.

"கயல்தாம்மா. நான் கிளம்புறேன்னு சேலையப் பிடிச்சுக்கிட்டு அழுகுறா!"

உங்கள் குரலும் உடைந்திருந்தது. சிரிப்பும் இருந்தது.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து இரண்டே நாளில் போய்விட்டீர்கள். அவளிடம் சொல்லிக்கொள்ள உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. சின்னப்பிள்ளை, எதுக்குக் காட்டணும் என்றார்கள் இல்லத்தில். நான் அவளை ராயப்பன்பட்டியில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து உங்கள் முகத்தைக் காட்டி, இனி வரமாட்டாக என்று சொன்னேன். தெருவே திரும்பிப் பார்க்க அழுதாள். நான் அடக்கவில்லை.

திரும்பும் வழியில், "நீங்க எப்பப் போவீக?" என்று கேட்டாள். போகவே மாட்டேன் என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை. "வியாழக்கிழமை வருவேன்" என்றேன்.

களைத்துப்போயிருக்கிறேன் அக்கா. மாற்றல் உத்தரவுகள் நிற்கவில்லை. இந்த மாதமும் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டேன். ஆனால் ஒரு வியாழனும் தவறவில்லை. போன வாரம் காய்ச்சலோடு ஒரு மணி நேரம் பிந்திப் போனேன். கயல் வாசலில் நின்று கத்தினாள்: "ஏன் இம்புட்டு நேரம்?"

மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு ஆறவில்லை. நான் கிளம்பும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, என் கையை விடாமல் பிடித்திருந்தாள்.