நாற்காலியைப் பிடித்த கை

அம்மாவுக்கு உங்கள் மகளின் வணக்கம். முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் அழகுக்கலை வகுப்பில் தலைக்குச் சாயம் பூசும் தேர்வு. தலையைக் கொடுக்க ஆளை நாமே கூட்டிவர வேண்டும். மற்றவர்களுடன் அம்மாவோ அக்காவோ வந்தார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? காலேஜ் வாசல் டீக்கடை அக்காவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். முதல் நாளே அவர் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுச் சாயம் வைத்து, ஒத்துக்கொள்கிறதா என்று சோதித்தேன். மறுநாள், "ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். நானும் அதை நம்பி, முடியை விலக்கிப் பார்க்காமலே ஆரம்பித்துவிட்டேன்.

பாதித் தலை பூசியிருப்பேன். அக்காவின் கை நாற்காலியை இறுகப் பிடித்திருந்தது; விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"எரியுதாக்கா?"

"இல்லம்மா. நீ வேலையப் பாரு, டீச்சர் பாக்குறாங்க."

காதுமடலை மடக்கிப் பார்த்தேன். சிவந்து தடித்திருந்தது. தேர்வாவது ஒன்றாவது என்று குழாயடிக்கு இழுத்துப்போய்த் தலையைக் கழுவினேன்.

"நேத்தே அரிச்சுது. நான் வரலன்னா நீ யாரத் தேடுவே?" என்றார்.

அக்கா இப்போது நலம். எனக்கு அடுத்த மாதம் மறுதேர்வு. கவலைப்படாதீர்கள்.

உங்கள் பழைய நூல்சேலை ஒன்றை அனுப்புங்கள், தேர்வுக்கு வருகிறவர் கழுத்தில் சுற்றத்தான். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

நான் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். "வலியே இல்லடி" என்று வீடியோ காலில் சிரிக்கிறீர்களே, இனி முகத்தை மட்டும் காட்டாதீர்கள். கையையும் காட்டுங்கள்.