கார்டுக்கு மட்டும் காத்தா?

என்னங்க,

ரிப்பேர்காரர் மத்தியானம் வருவார். கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின கிராபிக்ஸ் கார்டைக் குடுத்துடுங்க. போன்ல கேட்டேன், வாரண்டி முடிஞ்சிருந்தாலும் புதுசு வாங்க வேண்டாமாம். "அதுல இருக்கிற குட்டி ஃபேனை மாத்தினாப் போதும்க்கா"ன்னார். "யாராவது எண்ணெய் விட்டீங்களா?"ன்னும் கேட்டார். என் தையல் மெஷின் எண்ணெயை நீங்க ஊத்தினதைச் சொல்லலை. அவர் வர்றதுக்குள்ள துடைச்சு வைங்க, மானம் போகுது.

சாப்பாடு மேசை மேல மூடி வெச்சிருக்கேன்.

கார்டு சூடாகுதுன்னு நீங்க தூக்கிட்டுப் போன டேபிள் ஃபேன் இப்போ என் மெஷின் பக்கம் திரும்பியாச்சு. ஒரு வாரமா வேர்த்து வழிஞ்சு தைச்சவ நான். கோபம் இன்னும் போகலை.

பி.கு.: கார்டு வர்ற வரைக்கும் கேம் ஆட முடியாம உங்களுக்குப் பொழுது போகாது. சாயந்திரம் ஃபேன் காத்துல பக்கத்துல வந்து உட்காருங்க. எண்ணெய் டப்பாவை மட்டும் தொடாதீங்க.