பிரதமரின் பெயருக்கு விட்ட இடம்

2004 பிப்ரவரி, வெள்ளி இரவு. விம்பிள்டன்.

தூக்கம் வரவே மாட்டேன் என்கிறது. பிரதமரிடமிருந்து பதில் வந்துவிட்டது!

எங்கள் லண்டன் தூதரகத்தின் தூதர் அம்மாவும் பிரதமரும் ஒன்றாகப் படித்தவர்கள். அம்மா அவருக்கு எழுதும் சொந்தக் கடிதங்களை உதவியாளரான நான் தட்டச்சு செய்வேன். 'அன்புள்ள இன்னாருக்கு' என்ற வரியை மட்டும் அம்மா பேனாவால் எழுத வேண்டும். அதற்காகத் தாளின் உச்சியில் இடம் விடுவேன். அவர் பிரதமரான பின் போன முதல் கடிதத்தில் அந்த இடம் வெறுமையாகவே போய்விட்டது. கோப்பில் நகலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உறையை ஒட்டியவள் நான். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

இன்று பிரதமரின் பதிலோடு தூதரகத் தபால் பையைக் கொண்டுவந்த டிரைவர் அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்டும் ஆகாது தங்கச்சி, கொண்டுபோய்க் குடும்" என்றார்.

அம்மா படித்தார். வாய்விட்டுச் சிரித்தார். என்னிடமே நீட்டினார். பிரதமர் கைப்பட எழுதிய ஒரே வரி: "பதவி வந்ததும் என் பெயர் போய்விட்டதா?"

"நான் மறக்கல. இனிமே எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாமத்தான் விட்டுட்டேன்" என்றார் அம்மா.

உடனே ஒரு புதுத் தாளை எடுத்து, நான் ஒரு சொல் தட்டுவதற்கு முன்பே, கல்லூரியில் கூப்பிட்ட பட்டப்பெயரை உச்சியில் பெரிதாக எழுதினார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என்ன பெயர் என்று இந்த நாட்குறிப்பில்கூட எழுத மாட்டேன்.