கீது இல்லை, கீறேன்

வியாசர்பாடி,
சனிக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

மதி எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் கோடு இரண்டும் நீலமாகும், அத்தோடு சரி. காகிதத்தைப் பிரித்துவிட்டால் பாதியில் வைக்க மனசு வராது. அதனால் எங்கள் கன்டெய்னர் யார்டு ஆபீஸ் கூரியரில் போடுகிறேன். திங்கள் அல்லது செவ்வாய் புனேயில் உன் கைக்கு வந்துவிடும்.

வியாழக்கிழமை காலை நைனாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். அது உனக்குத் தெரியும். சின்னக் கட்டிதான், லீவு போட்டு வர வேண்டாம் என்று அம்மா உன்னிடம் சொன்னதும் எனக்குத் தெரியும். அது முழு உண்மை இல்லை. மீதியை எழுத இன்னும் கை வரவில்லை. முதலில் சினிமாக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றுதான்.

நம்ம ஏரியாவைப் படம் எடுத்தால் எப்படி எடுப்பார்கள் என்று உனக்குத்தான் தெரியுமே. ஊர் முழுக்க நீல வெளிச்சம், ஆளாளுக்குக் கையில் கத்தி. தினமும் காலையில் மணலி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறேன், ஒருத்தர் கையில்கூட டிபன் பாக்ஸைத் தவிர வேறு ஆயுதம் பார்த்ததில்லை. ஹீரோக்களின் தாடியும் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது. எவன் யாரென்று எனக்குப் பிடிபடுவதற்குள் இடைவேளை வந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு படம் விடுவதில்லை. நீ பழக்கிவிட்டதுதான்.

போன வருஷம் கல்மண்டபத்தில் ஒரு டீக்கடை வாசலில் நைனாவும், அவரோடு ஹார்பரில் வேலை பார்த்த அத்தாவுல்லா மாமாவும் உட்கார்ந்திருக்கும்போது ஷூட்டிங்காரர்கள் வந்திருக்கிறார்கள். நைனாவின் மீசையையும், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவர் உட்காரும் தோரணையையும் பார்த்து ஒரு டயலாக் கொடுத்துவிட்டார்கள். எங்கே போய்த் தொலைந்தாய் என்று ஹீரோ கேட்பானாம். 'நான் எங்கியும் போவல. இங்கதான் கீறேன்' என்று நைனா சொல்ல வேண்டும். கப்பல் மேல்தட்டில் நின்று, சரக்கை இறக்கச் சொல்லிக் கிரேன்காரனுக்கு 'ஆரியா, ஆரியா' என்று குரல் கொடுத்தே முப்பது வருஷம் ஓட்டியவருக்கு அதெல்லாம் எம்மாத்திரம். ஒரே டேக்கில் ஓகே ஆனதை மாமா இன்னமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

படம் மூன்று வாரம் முன்பு வந்தது. முதல் நாள் சாயங்கால ஷோவுக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்டைல் என்றால் நம் வீட்டில் முதல் ஆள் அவர்தானே. மீசைக்கு டை அடித்து, உன் ரிசப்ஷனுக்குத் தைத்த சந்தன நிறச் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டார். கூலிங் கிளாஸ் வேறு. அதைக் கழற்றாமல் தியேட்டருக்குள் நுழைந்து, கண் தெரியாமல் அம்மாவின் காலை மிதித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நைனாவின் முகம் திரை முழுக்க வந்தது. நம் தெரு ஆட்கள் விசில் அடித்தார்கள். அவர் வாய் அசைந்தது, வந்ததோ யாருடைய குரலோ. அதுவும், 'நான் இங்கதான் கீது' என்றது. நம் பேச்சு தெரியாத யாரையோ கூட்டிவந்து டப்பிங் பேச வைத்திருக்கிறார்கள். பஸ்ஸு கீது, சோறு கீது என்போம். 'நான் கீது' என்று நம்மூரில் பச்சைக் குழந்தைகூடச் சொல்லாதே! நைனா சீட்டை விட்டு எழுந்து, 'டேய், கீது இல்லடா, கீறேன்! கீறேன்னு சொல்லு!' என்று திரையைப் பார்த்துக் கத்தினார். தியேட்டர் முதலில் சிரித்தது, பிறகு கைதட்டியது. நானும் தட்டினேன்.

அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்த பிறகு அவருக்கு இருமல் நிற்கவே இல்லை. கர்சீப்பில் ரத்தம். அவர் அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டதை மாமா பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். ஆறு மாதமாகவே தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. சளி என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தப்பு எங்களுடையது.

இப்போது மீதியைச் சொல்கிறேன். கட்டி குரல்வளையில் இருக்கிறது. கேன்சர். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விட வைப்பார்களாம். வியாழக்கிழமைக்குப் பிறகு நைனாவின் குரல் இருக்காது, அண்ணா. இந்த வரியை எழுதிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் பதிவு செய்து வைக்கிறேன், ஏதாவது பேசு என்று கேட்டேன். 'இன்னாத்துக்கு? கேக்க வேண்டியவன் கேட்டா பத்தாது?' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்க வேண்டியவன் யார் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

உன் ரிசப்ஷன் அன்று மேடைக்குப் பின்னால் நீ அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பெண் வீட்டார் முன்னால் நீ வாயைத் திறக்காதே அப்பா, உன் பேச்சைக் கேட்டால் சிரிப்பார்கள் என்றாய். அதுவரை நைனா என்று கூப்பிட்ட நீ அன்றுதான் முதல்முறையாக அப்பா என்றாய். அவர் அன்று முழுக்கக் கும்பிட்டபடி, சிரித்தபடி நின்றார். இவருக்குப் பேச வராதா என்று அண்ணியின் சித்தி என்னிடம் கேட்டது உனக்குத் தெரியாது.

இந்த மூன்று வருஷமாக நீ போன் செய்தால் எடுத்து, உன் குரல் கேட்டதும் பேசாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். கோபம் என்று நீ நினைத்துக்கொண்டாய். போன் செய்வதையும் குறைத்துக்கொண்டாய். அவருக்குக் கோபமே இல்லை. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். 'புள்ள ஒண்ணே ஒண்ணு கேட்டான். குட்த்துட்டேன்' என்றார்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. மேனேஜர் முன்னால் நானும் 'இருக்கிறது, வருகிறது' என்று நாக்கைக் கட்டிக்கொண்டுதான் பேசுகிறேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் 'கீது' வெளியே வருகிறது. உன் வெட்கம் என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வார்டில் சேர்க்கிறோம். புதன் சாயங்காலம் வரை போன் அவர் தலைமாட்டில் இருக்கும். குரல் கரகரவென்றுதான் வருகிறது, ஆனால் அவர் குரல்தான். வர முடிந்தால் உடனே கிளம்பி வா. முடியாவிட்டால் போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்காதே, வழக்கம்போல் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அவர் எடுத்ததும், 'நைனா, நான் இங்கதான் கீது' என்று சொல். தப்பாகவே சொல். அதைக் கேட்டுக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. கட்டாயம் திருத்துவார்.

நீ மறுபடியும் தப்பாகவே சொல், அண்ணா. அவர் எத்தனை தரம் திருத்துகிறாரோ, அத்தனை தரமும் கேட்டுக்கொள்.

உன் போனுக்காகக் காத்திருக்கும் தங்கை,
மதி