பிறந்த தேதிக்குச் சாட்சி

பிப்ரவரி 9, திங்கள்

என் மகன் பிறந்தது ஆற்றுப் பாலம் இடிந்த வருஷம். மழை பிடித்து மூன்றாம் நாள் பாலம் போனது. பஸ் இல்லை, நூற்பாலையில் மூன்று ஷிப்டும் நின்றது. ஐந்தாம் நாள் காலை, வெயில் முகம் காட்டிய பிறகு இவன் பிறந்தான். அடுத்த வருஷம்தான் புதுப் பாலத்துக்குத் தூண் ஊன்றினார்கள். இதையெல்லாம் நான் எழுதியா வைக்க வேண்டும்?

நாங்கள் வந்திருக்கும் இந்த வெளிநாட்டில், அவன் நர்ஸ் வேலைக்குப் பதிவு கேட்ட ஆபீசில் ஒரு கண்ணாடிக்காரி இருக்கிறாள். பள்ளிச் சான்றிதழ்படி அவன் அதற்கு ஒன்றரை வருஷம் முன்பே பிறந்துவிட்டான் என்கிறாள். எங்கள் ஊர் நகராட்சிப் பதிவேட்டில் நான் சொல்லும் தேதிதான் இருக்கிறது. ஆனால் அதில் பெயர் இல்லை, 'ஆண் குழந்தை' என்று மட்டும். அந்தக் குழந்தைதான் நீ என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவனையே கேட்டாளாம். ஆறடி ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறான், ஆதாரமாம்!

எனக்கு எழுதத் தெரியாது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. மருமகள் சாயங்காலம் பார்த்துத் திருத்தி வைக்கிறாள். ஊரில் டீச்சராக இருந்தவள். என் பேச்சுக்கும் சிவப்பு மை.

பிப்ரவரி 11, புதன்

இந்த வீட்டில் இரண்டு அறை, ஐந்து பேர். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். பேத்திக்குப் பன்னிரண்டு வயது, பேரனுக்கு ஏழு. வந்து ஆறு வாரமாகப் பள்ளிக்கூடம் இல்லாமல் சுவரைப் பார்க்கிறார்கள்.

பக்கத்துத் தெருப் பள்ளியில் பேத்திக்கு இடம் உண்டு. ஆனால் இரண்டு வகுப்பு கீழே. பேரனுக்கு இடமே இல்லை. மகன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வளாகத்துப் பள்ளியில் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேரையும் அவரவர் வகுப்பிலேயே எடுத்துக்கொள்வார்களாம். அதற்கு வளாகத்தில் குடியிருக்க வேண்டும். அங்கே வீடு பதிவு பெற்ற நர்சுக்குத்தான். மார்ச் கடைசியில் வீட்டுப் பட்டியலை மூடுகிறார்கள்.

என் மகன் ஊரில் பதினாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்சாக நின்றவன். இப்போது அதே ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி வண்டி தள்ளுகிறான்.

பிப்ரவரி 12, வியாழன்

எல்லாம் மகனைப் பள்ளியில் சேர்த்துக்கொண்ட அந்தத் தலைமையாசிரியர் செய்த வேலை. தேதியை அவர் இஷ்டத்துக்கு எழுதிவிட்டார். படுபாவி.

பிப்ரவரி 20, வெள்ளி

கடிதம் வந்தது. மகன் வாசித்துச் சொன்னான். சாட்சி ஒருவர் வேண்டும். பெற்றவர்கள் கூடாது. குழந்தை பிறந்த அன்றும், பள்ளியில் சேர்த்த அன்றும் கூட இருந்தவராக இருக்க வேண்டும். அவர் வக்கீல் முன்னால் உறுதி சொல்லிக் கையொப்பம் இட வேண்டும்.

"யாராவது இருக்காங்களாப்பா?"

"எல்லாரும் போய்ச் சேந்தாச்சு."

உண்மைதானே? மருத்துவச்சி போய் இருபது வருஷம். தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற மறு வருஷமே போனார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் பிறந்த அன்று இருந்தார், பள்ளிக்கு வரவில்லை. அவரும் இல்லை. அன்று பாலம் இல்லாததால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மருத்துவச்சியைத் தோளில் தூக்கி வந்தவன் — போதும். அவன் கணக்கில் வரமாட்டான்.

பிப்ரவரி 21, சனி

மருமகள் திருத்தும்போது கேட்டுவிட்டாள். "மாமா, மருத்துவச்சியைத் தோள்ல தூக்கிட்டு வந்தது யாரு?"

"செத்தவன்."

"அவரு பள்ளிக்கூடத்துக்கும் வந்தாரா?"

"செத்தவன்னு சொல்றேன், அப்புறம் என்ன குறுக்கு விசாரணை? நீ டீச்சரா, போலீசா?"

 அவள் பார்த்த பார்வை இருக்கிறதே!

பிப்ரவரி 26, வியாழன்

நானும் ஆபீசுக்குப் போனேன். நாற்காலி வழுக்குகிறது. கண்ணாடிக்காரியிடம் பாலம் இடிந்ததைச் சொன்னேன், மில் நின்றதைச் சொன்னேன், வெயில் அடித்ததைச் சொன்னேன். மகன் மொழிபெயர்த்தான். அவள் சிரித்த முகத்தோடு தலையாட்டிவிட்டு, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். என் தலையில இருக்குடி, வெட்டிப் பாரு என்றேன். மகன் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே வந்ததும், "இனிமே நீங்க வர வேண்டாம்ப்பா" என்றான். ஏன், என்னால்தான் கெடுகிறதா?

மார்ச் 8, ஞாயிறு

மகன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். துணி வண்டி வேலையிலேயே நிரந்தரமாக இருந்துகொள்வதாக எழுதிக்கொடுக்கப் போகிறானாம். பேத்தி நாளை முதல் பக்கத்துப் பள்ளிக்கு, இரண்டு வகுப்பு கீழே.

அவள் அழவில்லை. சாப்பாட்டு மேசையில் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, "பரவாயில்ல தாத்தா, நான்தான் அங்க எல்லாரையும் விட உயரமா இருப்பேன்" என்றாள். பேரன் சிரித்தான். மருமகள் எழுந்து குழாயைத் திறந்துவிட்டாள். கழுவப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

ஒரு குழந்தையை வயதுக்குச் சம்பந்தமில்லாத பெஞ்சில் உட்கார வைப்பது இந்தக் குடும்பத்தில் முதல் தடவை இல்லை.

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிடுகிறேன். மருமகளே, இதைத் திருத்தாதே, அப்படியே விடு.

தலைமையாசிரியர் மேல் தப்பில்லை. நானும் என் மனைவியும் காலை ஷிப்டுக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. மூன்றரை வயதுக்காரனைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார்கள். விரல் நெற்றியோடு நின்றது. நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக் காதில் வைத்தேன். பிள்ளை வலியில் கத்தினான். அஞ்சு முடிஞ்சிருச்சு சார் என்றேன். அவர் ஜூன் ஒன்று என்று எழுதினார்.

மருத்துவச்சியைத் தோளில் தூக்கி வந்தானே, அந்த என் தம்பி பக்கத்தில் நின்றான். நான் பத்து வயதில் மில்லுக்குப் போனதால் பள்ளிக்கூடம் போனவன் அவன். "வேணாம்ணே, பின்னாடி இவனுக்குத்தான் இடிக்கும்" என்றான். வாயை மூடுடா என்றேன். "கைநாட்டுக்கு எழுத்தோட அருமை எங்க தெரியும்" என்றான், அத்தனை பேர் முன்னால். அறைந்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை, சட்டையைச் சரிசெய்துகொண்டு போனான். அவ்வளவுதான். முப்பத்தொன்பது வருஷம்.

பெண்டாட்டி கேட்டபோது எனக்கு அவன் செத்துட்டான் என்றேன். பிள்ளை வளர்ந்து கேட்டபோது வெறுமே செத்துட்டான் என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது.

இப்போதும் கோபம்தான். அவன் சொன்னது அப்படியே பலித்துவிட்டதே, அந்தக் கோபம்.

மார்ச் 10, செவ்வாய்

மில் வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன். என்னோடு வேலை பார்த்தவன், ஊர் சங்கதி அத்தனையும் அவன் வாயில். "இருக்காரு, இருக்காரு. காதுதான் மந்தம். உங்கள மாதிரியேதான் கத்துறாரு" என்றான். நம்பர் கொடுத்தான்.

மார்ச் 11, புதன்

மூன்று தடவை அழைத்தேன். மணி அடித்ததும் நானே வைத்துவிட்டேன். கழுதை வயசு ஆகியும் இந்த லட்சணம்.

மார்ச் 12, வியாழன்

நாலாவது தடவை நான் வைப்பதற்குள் அவனே எடுத்துவிட்டான்.

"யாரு?"

"நான்தான்."

இரண்டாம் தடவை உரக்கச் சொன்னதும்தான் ஆளைப் பிடித்தான். "புள்ளைக்கு இடிச்சிருச்சா?" என்றான்.  "எங்க வந்து கையெழுத்துப் போடணும், அதச் சொல்லு. எனக்குக் காது கேக்காது, கத்திச் சொல்லு" என்றான். கத்தினேன். பேரன் பயந்துபோய் அறைக்குள் ஓடினான்.

சாயங்காலம் மகன் துணி வண்டி வேலைக்கான தாளை எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சாட்சித் தாளை எடுடா என்றேன். எதற்கு என்று கேட்டான். எடுடா என்றால் எடு. மருமகள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள்.

"சாட்சியோட பேரு கேட்டிருக்குப்பா. யாருன்னு எழுத?"

"உன் சித்தப்பா."

பேனா நின்றது. "அவரு செத்துட்டாருன்னுதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். எழுது. என் தம்பி, என் கூடப் பொறந்தவன். உயிரோட இருக்கான்."