கிணற்றில் வந்த பத்து பேட்டரிக் கட்டைகள்

மாப்பிள்ளை,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். ஸ்ரீரங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்று காலை டார்ச் லைட்டைத் திறந்தேன். உள்ளே பேட்டரிக் கட்டைகள் வெடித்து, சீழ் மாதிரி ஒழுகி, குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன. விரலில் பட்ட பிசுபிசுப்பு சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. காப்பித் தம்ளரைத் தூக்கினால் அதே நாற்றம். கூடவே உன் ஞாபகமும் வந்தது.

கொள்ளிடக்கரைப் பக்கம் நாலு குடித்தனம் இருந்த அந்த வீட்டில் டார்ச் வைத்திருந்தது நாம் இரண்டு பேர்தான். என்னுடையது ஐந்து கட்டை போடுவது. அடித்தால் மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கே கண் கூசும். உன்னுடையது இரண்டு கட்டை. தீர்ந்ததை ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து இன்னும் நாலு நாள் ஓட்டுவோம். அதற்கப்புறம் எங்கே போடுவது? குப்பைமேட்டில் போட்டால் மாடு நக்கும். பழைய இரும்புக்காரரோ, "இதை எடுத்துட்டுப் போனா என் சாக்கே அழுகிடுங்க" என்று கும்பிட்டுவிடுவார்.

அந்தக் கோடையில் கிணற்றைத் தூர் வார ஆள் இறங்கினான். சேற்றோடு வாளியில் வந்தன பத்துக் கட்டைகள், வயிறு வெடித்து, கறுப்புக் கூழைக் கக்கியபடி. அது ஊறிய தண்ணீரைத்தான் நாலு குடும்பமும் குடித்திருக்கிறோம். வீட்டுக்காரர் எல்லோரையும் பார்த்துக் கத்தினார்.

"எவன் பண்ண வேலை இது? போட்டவன் இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணணும்."

நான் முன்னால் போய் நின்று உன்னைக் காட்டினேன். "இவன்தாங்க. பொங்கல் கழிஞ்சு ஒருநாள் போட்டான், என் கண்ணால பாத்தேன். வேணாம்டான்னு அப்பவே தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன்."

உன் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். இடுப்புக் குடத்தை இறக்காமலே கேட்டாள். "நெசமா பாத்தீங்களாண்ணே?"

"ரங்கநாதர் சாட்சியா பாத்தேம்மா."

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அவளிடம், "விடு, அவன்தான் பாத்தேங்கறானே. சாமானைக் கட்டு" என்றாய். சாயங்காலமே மாட்டுவண்டியில் காட்டூருக்குப் போய்விட்டீர்கள்.

அந்தக் கதையை நான் சொல்லாத டீக்கடை இல்லை. சொல்லச் சொல்லப் பத்துக் கட்டை முப்பதாயிற்று. நானே கிணற்றில் குதித்து அள்ளியதாகவும் ஆயிற்று. போன மாதம் உன் சாவு வீட்டிலும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் மனைவி கேட்டுக்கொண்டே வந்து, என் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். "குடிங்கண்ணே" என்றாள். சொம்பைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டேன்.

முப்பது என்றதும் குதித்தேன் என்றதும் பெருமைக்குச் சொன்னது, போகட்டும். பார்த்தேன் என்றேனே, அதுதான் நான் கட்டிய பொய். நீ போட்டதை நான் பார்க்கவே இல்லை மாப்பிள்ளை. பத்தும் என் டார்ச்சில் செத்தவை. போட்டவன் நான்.